ஒரு டவுன், மூன்று தண்ணீர்

இரண்டு நாளாகத் தண்ணி வராமல் இருந்து, விடிய ஐந்தரை மணிக்குக் குழாயில் சத்தம் கேட்கிறது. முதலில் வெறும் காற்று. அப்புறம் திக்கித் திக்கிச் சாயத்தண்ணி நிறத்தில் ஒரு வாளி. அம்மா அதைச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிட்டு, குழாய் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுவார். மூன்றாவது வாளி பால் மாதிரி வெள்ளையாக வரும், அதையும் ஊற்றிவிடுவார். நாலாவது வாளி கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்ததும், "இப்ப நல்ல தண்ணி" என்று குடத்தில் பிடித்து வைப்பார். மலையகத்துச் சின்ன டவுன்களில் எத்தனையோ வீடுகளில் இதே காலைதான்.

அந்த நாலு வாளியில் அம்மா வீணாகக் கொட்டியது மூன்றாவதை. பால் மாதிரி வந்த வெள்ளை வெறும் காற்று. குளிர்ந்த தண்ணி அழுத்தத்தோடு குழாய்க்குள் கிடக்கும்போது காற்று அதில் கரைந்துவிடும், வெளியே வந்ததும் பொடிப்பொடிக் குமிழியாகப் பிரியும். ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்து மேசையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே போனால் அது காற்று, பயமில்லை. மேலே தெளிந்து அடியில் படிந்தால் அது மண். ஆனால் உண்மையில் யோசிக்க வேண்டியது நாலாவது வாளியைப் பற்றி. அது தெளிவாக இருக்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் மஞ்சள் காமாலையையும் கொண்டுவரும் கிருமிகளுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள், "இங்க பைப் தண்ணி குடிக்கலாமா?" என்று. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. எந்த பைப், யார் விடும் தண்ணி, எத்தனை மணிக்கு வந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஏனென்றால் ஒரு டவுனும் அதைச் சுற்றிய தோட்டங்களும் சேர்ந்த இடத்தில், ஒரு மைல் சுற்றளவுக்குள் மூன்று விதமான குழாய்த் தண்ணி ஓடுகிறது.

முதலாவது, வாட்டர் போர்டு தண்ணி. 1974 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாகி, 1975 இல் இயங்கத் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைதான் நாம் வாட்டர் போர்டு என்று சொல்வது. மீட்டர் உண்டு, பில் உண்டு, 1939 என்று ஒரு தொலைபேசி இலக்கமும் உண்டு. இரண்டாவது, மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ தானே நடத்தும் திட்டம். மலைநாட்டின் பழைய டவுன்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட ஊற்றும் தொட்டியும் குழாயுமே இதற்கு அடித்தளம். அதற்குப் பிறகு ஊர் பெருத்ததே தவிர, குழாய் அந்த அளவுக்குப் பெருக்கவில்லை. மூன்றாவது, தோட்டத்துத் தண்ணி. மேல்மலையில் ஒரு ஊற்றையோ ஓடையையோ மறித்து ஒரு சீமெந்துத் தொட்டி, அதிலிருந்து கறுப்புக் குழாய், லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் ஒரு பொதுக்குழாய். அதுவும் இல்லாத இடத்தில் ஊற்றுத் தண்ணி வந்து கொட்டும் பீலி.

மூன்றுமே ஒரே மழையில் பிறந்த தண்ணிதான். ஒன்று சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய் வருகிறது, ஒன்று பாதி வழி போகிறது, மற்றது நேராக வாய்க்கு வருகிறது.

இதை எழுதும்போது எனக்கு எப்போதும் மனதில் உறுத்தும் ஒரு விஷயம். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்து ஓடைகளெல்லாம் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் சேர்ந்து, லக்சபான மின்நிலையங்களைச் சுற்றிவிட்டு, கித்துல்கலைப் பக்கம் களனி கங்கையாகிப் போகின்றன. அந்தக் களனியிலிருந்துதான் அம்பத்தலையில் தண்ணி எடுத்து, படிகாரம் போட்டு, வடித்து, குளோரின் சேர்த்துக் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். அதாவது நம் மலையில் விழுந்த மழை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வழியில் எல்லா அழுக்கையும் வாங்கி, அங்கே சுத்தமாகிக் குழாயில் வருகிறது. அது பிறந்த இடத்தில் கொழுந்து பறிக்கிறவர் வீட்டுக்கு அந்தச் சுத்திகரிப்பு இன்னும் வரவில்லை.

"மலைத்தண்ணிக்கு என்ன குறை? ஐஸ் மாதிரி இருக்கு" என்று நம் ஆட்களே சொல்வார்கள். அதில் பாதி உண்மை. நம் பக்கத்துத் தண்ணி மென்மையானது, சுண்ணாம்பு குறைவு. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டாது, கொஞ்சம் சவர்க்காரம் போட்டாலே நுரை அள்ளும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் கிணறுகளில் இருக்கும் கடினமும் புளோரைட்டும் இங்கே கிடையாது. தேத்தண்ணி இங்கே அவ்வளவு நன்றாக நிறம் ஏறுவதற்கும் இந்த மென்மை ஒரு காரணம்.

மற்றப் பாதிதான் ஏமாற்றுவது. ஊற்று சுத்தமாக இருந்தது, அதற்கு மேலே காடு மட்டும் இருந்தபோது. இன்றைக்கு மேலே ஏறிப் பாருங்கள். ஊற்றுக்கு மேல் தேயிலை மலை, அதற்கு மேல் தோட்டத்தின் இன்னொரு டிவிசனின் லயம், லயத்துக்குப் பின்னால் குழி மலசலகூடங்கள், பக்கத்தில் மாட்டுக் கொட்டில், மரக்கறித் தோட்டம். மலைநாட்டில் "மேலே" என்பது இன்னொருவருடைய "கீழே". மேல் லயத்தின் கழிவுநீர் போகும் பாதையும் கீழ் லயத்தின் குடிநீர் வரும் பாதையும் ஒரே சரிவில்தான் இருக்கின்றன. குளிராக இருக்கிறதே என்பதும் ஒரு காவல் இல்லை. குளிர்ந்த தண்ணியில் கிருமி பெருகுவது குறையலாம், ஆனால் பல கிருமிகள் சூடான தண்ணியில் இருப்பதைவிடக் கூடுதல் நாள் உயிரோடு கிடக்கும்.

சரி, சுத்திகரிப்பு நிலையத்தில் என்னதான் செய்கிறார்கள்? ஓடைத் தண்ணியில் மிதக்கும் களிமண் துகள்கள் தானாக அடியில் இறங்காத அளவுக்குப் பொடி. படிகாரம் போட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனமாகி இறங்கும். மிச்சத்தை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். கடைசியில் குளோரின். நம் தண்ணி மென்மை என்றேனே, அதனால் ஒரு சிக்கல் உண்டு: படிகாரம் தண்ணியைப் புளிப்பாக்கும். சுண்ணாம்புத் தன்மை உள்ள தண்ணி அதைத் தாங்கிக்கொள்ளும், நம்முடையது தாங்காது. அதனால் சுண்ணாம்பு சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். கட்டாவிட்டால் புளிப்புத் தண்ணி இரும்புக் குழாயை அரித்து, காலையில் முதல் வாளி துருவோடு வரும்.

இலங்கையில் குடிநீருக்கான தரக் கட்டளை எஸ்.எல்.எஸ். 614. 2013 இல் புதுப்பித்தது. அதில் நூறு மில்லிலீற்றர் தண்ணியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. மலக்கழிவு கலந்திருக்கிறதா என்பதற்கு அந்தக் கிருமிதான் சாட்சி. அமிலக் காரக் குறியான பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம்.

குளோரினைப் பற்றி நம் ஊரில் இருக்கும் கோபத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். "மருந்து வாசம் அடிக்குது, குடிக்க முடியல" என்று போர்டுக் குழாயை விட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த இலேசான வாசம்தான் தண்ணிக்குள் இன்னும் காவல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். தொட்டியில் கிருமியைக் கொன்றபிறகும் கொஞ்சம் மிச்சம் குளோரின் குழாயோடு கூடவே வர வேண்டும். கடைசிக் குழாயிலும் ஒரு லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாசம் பிடிக்காவிட்டால் வாய் அகன்ற பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், பறந்துவிடும்.

ஆனால் குளோரின் மந்திரமில்லை. கலங்கல் தண்ணியில் போட்டால் மண்ணும் இலைச்சாறுமே அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். கலந்தபிறகு அரை மணி நேரமாவது விட வேண்டும். தோட்டங்களில் சில இடங்களில் மாதத்துக்கு ஒருமுறை தொட்டிக்குள் ஒரு கை குளோரின் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணியில் அது ஒரே நாளில் கழுவிப் போய்விடும். முதல் நாள் வாய் வைக்க முடியாத வாசம், மறுநாளிலிருந்து ஒன்றுமில்லை.

இனி, நாலாவது வாளிக்கு வருகிறேன். டவுனில் தண்ணி கெட்டுப்போகும் இடம் தொட்டியைவிடக் குழாய்தான் அதிகம் என்பது என் எண்ணம். நிலையத்தில் எடுத்த மாதிரி நன்றாக இருக்கும், கடைசி வீட்டில் எடுத்தது மோசமாக இருக்கும். இடையில் நடப்பது இதுதான். குழாய் நிறைய அழுத்தத்தோடு தண்ணி ஓடும்வரை, வெடிப்பு இருந்தாலும் தண்ணி வெளியே பீச்சும், அழுக்கு உள்ளே வராது. தண்ணியை நிறுத்திய உடனே கதை மாறுகிறது. நம் டவுன்கள் சரிவில் இருப்பதால், மேல் வீதியின் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணி கீழ் வீதியின் குழாய்கள் வழியே வடிந்து இறங்கும். வடியும்போது மேல் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, உறிஞ்சும். எங்கே வெடிப்போ, எங்கே தளர்ந்த மூட்டோ, அங்கே வெளியே நிற்கும் தண்ணியை உள்ளே இழுக்கும். வெளியே நிற்பது என்ன? நம் வீதிகளைப் பாருங்கள். குழாய் போகிறதே கானுக்குள்ளால்தான். சாப்பாட்டுக் கடையின் கழுவுநீரும், நிரம்பிய மலசலகூடக் குழியின் கசிவும், மழைநீரும் சேர்ந்து ஓடும் அதே கானில், கையளவு குழாய்கள் ஏழெட்டு கொத்தாகக் கிடக்கும். சிலவற்றின் மூட்டில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருக்கும்.

அதனால் இருபத்துநாலு மணி நேரமும் சுமாரான தண்ணி வரும் ஊரைவிட, நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் அருமையான தண்ணி விடும் ஊர் ஆபத்தானதாக இருக்கலாம். வீட்டுக்காரர்கள் குறைசொல்வது தண்ணி வராத நேரத்தைப் பற்றி. அந்த வராத நேரம்தான் வரும் தண்ணியையும் கெடுக்கிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மலையின் உயரமே குழாயை உடைக்கவும் செய்கிறது. பத்து மீற்றர் இறக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் ஏறும். நூற்றைம்பது மீற்றர் மேலே இருக்கும் தொட்டியிலிருந்து இடையில் எதுவுமில்லாமல் கொண்டுவந்தால், கீழே பதினைந்து பார். சாதாரண பி.வி.சி. குழாய் அதைத் தாங்காது. அதனால்தான் வழியில் சின்னச் சின்னத் தொட்டி கட்டி அழுத்தத்தை உடைத்து உடைத்து இறக்குகிறார்கள். ஆனால் அந்த இடைத்தொட்டிகளுக்கு மூடி இருக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? தகரத்தை வைத்து மேலே கல் ஏற்றியிருப்பார்கள். காற்று தகரத்தைத் தூக்கினால் இலை விழும், தவளை விழும், குரங்கு வந்து கைவிட்டு விளையாடும்.

மழைக்காலத்தில் எல்லாம் கூடும். வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்த முதல் வாரம், வரட்சியில் மலை மேல் காய்ந்து கிடந்த சாணமும் உரமும் மண்ணும் ஒரே அடியாய் ஓடைக்கு இறங்கும். அந்த ஒரு வாரம்தான் வருஷத்திலேயே கவனமாக இருக்க வேண்டிய வாரம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து வீடுகளோடு குழாய்களையும் கொண்டுபோனது. அப்படிப்பட்ட சேதத்துக்குப் பிறகு அவசரத்தில் ஒட்டுப்போட்டு ஓட விட்ட குழாய்த் தண்ணியை, அது எவ்வளவு தெளிவாக வந்தாலும், கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது.

நோய் வந்தால் என்ன வரும்? 2007 இல் கம்பளையில் பரவிய மஞ்சள் காமாலையை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஹெபடைடிஸ் ஏ என்ற அந்தக் கிருமி மலத்தின் வழியே தண்ணிக்கும், தண்ணியின் வழியே வாய்க்கும் வருவது. உடலுக்குள் போய் நோயைக் காட்ட இரண்டு முதல் ஏழு வாரம்வரை எடுக்கும். ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வரத் தொடங்கும்போது தண்ணி எப்போதோ தெளிந்து போயிருக்கும். அதனால்தான் "போன கிழமை தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு" என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை.

உரமும் பூச்சிமருந்தும் வேறு வகை ஆபத்து. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் போடும் உரம் அளவுக்கு மிஞ்சியது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நைத்திரேற்று கூடின தண்ணி, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குக் கெடுதல். கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணி ஆவியாகி, மிச்சத் தண்ணியில் இன்னும் கூடும். மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே ஊற்றெடுக்கும் குழாய் என்றால் இந்த ஒரு சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது தண்ணி சுத்திகரிக்கும் இயந்திர வியாபாரம். வீடு வீடாக வருகிறவர்கள் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணியில் விட்டு எண் காட்டுகிறார்கள். அந்த மீட்டர் அளப்பது கரைந்த உப்பை மட்டும். வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய்ப் பயத்தால், உப்பும் கடினமும் மிகுந்த தண்ணிக்காக வந்த, உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தை, உப்பே இல்லாத நம் தண்ணிக்கு மாதத் தவணையில் விற்கிறார்கள். பீலித் தண்ணியில் அந்த மீட்டரை விட்டால் அருமையான குறைந்த எண் காட்டும். அதே தண்ணியில் மலக்கிருமி நிறைந்திருந்தாலும் அதே எண்தான் காட்டும். தோட்டச் சம்பளத்தில் ஒரு குடும்பம் அந்தத் தவணை கட்டுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. நமக்கு வேண்டியது கிருமியைக் கொல்வது. அதற்கு அடுப்பும் கேத்தலும் போதும்.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணி சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். நூறு வராததால் கிருமி சாகாதோ என்று கேட்பார்கள். சாகும். 94 பாகை தாராளம். குமிழி புரண்டு புரண்டு எழும்பியபிறகு ஒரு நிமிடம், மனத்திருப்திக்கு மூன்று நிமிடம், அவ்வளவுதான். பத்து நிமிடம் கொதிக்க விட்டு எரிவாயுவை வீணாக்க வேண்டாம். கொதித்தாறிய நீரை எதில் வைக்கிறோம், எதால் அள்ளுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொதிக்க வைத்த தண்ணிக் குடத்துக்குள் குழந்தை கை கழுவாமல் செம்பை விட்டால், கொதிக்க வைத்ததே வீண். வாய் ஒடுங்கின, மூடியுள்ள பாத்திரம் நல்லது.

எல்லாவற்றையும் வீட்டு அடுப்பின் தலையில் கட்டிவிட முடியாது. தோட்டத் தண்ணி ஏன் இப்படியே இருக்கிறது என்றால், அதற்குச் சட்டத்திலேயே ஒரு வேர் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபையின் நிதியைச் செலவிட வழிவிடவில்லை. வோட்டுப் போட்டுத் தெரிந்தெடுத்த சபையே, "தோட்டத்துக்குள்ள நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது, துரைகிட்டக் கேளுங்க" என்று கைவிரிக்க அது போதுமாக இருந்தது. அந்தப் பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல்! தனியார் கம்பனிகள் 1992 இல் தோட்ட நிர்வாகத்தை எடுத்தபோது தண்ணியும் மலசலகூடமும் நலன்புரி வேலையாகப் பார்க்கப்பட்டன. ஒரு குடிமகனுக்கு உரிய சேவையாக அல்ல. 2014 இல் சமூக நீர் வழங்கலுக்கென்று ஒரு தேசியத் திணைக்களம் வந்தது, கிராமத்து நீர்ச் சங்கங்களுக்கு அது கைகொடுக்கிறது. லயங்களிலும் அப்படிச் சங்கம் அமைத்து, மாதம் கொஞ்சம் பணம் சேர்த்து, தொட்டியைக் கழுவி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொட்டி நிற்கும் நிலம் கம்பனியுடையது. ஊற்றுக்கு மேலே மருந்தடிக்காதே என்று சொல்ல அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.

போன மாசி மாதம் நான் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தேன். மலக்கிருமி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைப் போத்தல்கள் உண்டு. அதற்குள் மருந்து தடவிய கடுதாசி இருக்கும். தண்ணியை ஊற்றி மூடி வைத்தால், கெட்ட தண்ணி என்றால் கறுத்துவிடும். ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் எச்சரிக்கைக்குப் போதும். மூன்று போத்தல் எடுத்தேன். ஒன்றில் போர்டு குழாய் இருக்கும் சிநேகிதர் வீட்டுத் தண்ணி. ஒன்றில் எங்கள் வீட்டுச் சபைக் குழாயின் நாலாவது வாளி. ஒன்றில் டவுனுக்கு மேலே உள்ள லயத்துப் பீலித் தண்ணி. நம் குளிருக்கு அது சரியாக வேலை செய்யாது என்பதால், அம்மா மூன்றையும் அடுப்புக்குப் பக்கத்துத் திட்டில், தூள் டப்பாவுக்கு அருகே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பீலிப் போத்தல் மை மாதிரிக் கறுத்திருந்தது. எங்களுடையது அன்று பின்னேரம் கறுத்தது. போர்டுத் தண்ணி மூன்றாவது நாளும் நிறம் மாறவில்லை.

எங்கள் போத்தலைத் தூக்கிக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயாவிடம் போனேன். அவர் வந்து குளோரின் பார்த்தார். ஒரு குளிசையைப் போட்டுக் குலுக்கினால், மிச்சம் குளோரின் இருந்தால் தண்ணி இளஞ்சிவப்பாகும். தொட்டியடி வீட்டில் நன்றாகச் சிவந்தது, எங்கள் வீட்டில் துளியும் நிறம் ஏறவில்லை. பனிப்பெட்டியில் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். மூன்று கிழமை கழித்து, கானுக்குள் போகும் மூட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக்குழாயைக் கானுக்கு மேலால் இழுத்தார்கள். அதற்குச் சபைக் காரியாலயத்துக்கு நான் ஆறு தடவை போக வேண்டியிருந்தது.

பீலிப் போத்தலை யாரிடம் கொண்டுபோவது என்று அந்த லயத்து அக்கா என்னைக் கேட்டார். தோட்ட நலன்புரி அதிகாரியிடம் போனோம், கடிதமாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம். பிரதேச சபையிலும் ஒரு பிரதி கொடுத்தோம், 2018 திருத்தத்தைக் குறிப்பிட்டு. இரண்டு இடத்திலும் முத்திரை குத்தி வாங்கிய பிரதிகள் அக்காவின் பெட்டியில் இருக்கின்றன. அந்தக் கறுத்த போத்தலை மண்ணெண்ணெய்ப் போத்தல் என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்று, அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, "பீலித் தண்ணி" என்று எழுதி வைத்திருக்கிறார்.